பெரியப்பா ஃபியட்டின் நீலம்

எங்கள் 1966 ஃபியட் 1100 டிலைட்டின் ஆர்.சி. புத்தகத்தில் நிறம் 'நீலம்' என்று மட்டும் இருக்கிறது. பழைய நிறத்திலேயே திரும்ப அடிக்க வேண்டும், ஆனால் எந்த நீலம்? பம்பாய் குர்லாவில் தயாராகி மாயவரம் வந்து சேர்ந்த வண்டி அது. பிற்பாடு பெரியப்பா அதை வெள்ளையாக மாற்றிவிட்டார். வீட்டில் இருக்கும் போட்டோக்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை.

வெயில் படாத இடத்தில்தான் அசல் நிறம் தப்பிப் பிழைத்திருக்கும். டிக்கி விரிப்புக்கு அடியில், கதவு பீடிங்குக்கு உள்ளே, பின் விளக்கின் ரப்பருக்குப் பின்னால் என்று தேடினோம். கதவின் ரெக்ஸின் அட்டையைக் கழற்றியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிறம் கிடைத்தது. ஆனால் அது நீலமாக இல்லை. கடல் பச்சை என்றார் பெயிண்டர்.

அதுதான் தொழிற்சாலை நிறமா, நடுவில் யாராவது அடித்ததா என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு. வெளிப்பக்கம் ஓர் ஓரத்தில் 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தால், அடித்த கோட்டுகள் எல்லாம் வளையம் வளையமாக வெளியே தெரியும். எங்கள் வண்டியில் மேலே வெள்ளை, அதன் கீழே பிரைமர் என்கிற சாம்பல் அடிப்பூச்சு, அப்புறம் அந்த நிறம், கடைசியில் ரெட் ஆக்சைடு பிரைமர். இன்னொன்று தின்னர். பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் ஊர்ப் பட்டறைகளில் அடித்த, காற்றில் தானாகக் காயும் டூகோ பெயிண்ட் கரைந்து பஞ்சில் ஒட்டிவிடும். தொழிற்சாலை அடுப்பில் சுட்டு இறுக்கிய எனாமல் அவ்வளவு சுலபமாக வராது. வெள்ளை கரைந்தது, அடி நிறம் அசையவில்லை. ஆக, அசல் அதுதான்.

பெரியம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "எம்.எஸ். ப்ளூவுல நிறையத் தண்ணி விட்டு இளக்கின மாதிரி இருக்கும்டா. பச்சை கிடையவே கிடையாது" என்றார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பட்டுப் புடவையால் பேர் வாங்கிய நீலம் அது. அந்த வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து திருநள்ளாறும் கும்பகோணமும் போனவர். அவர் சொன்னதை வயசான ஞாபகம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. வெயில் நிறத்தை வெளுக்க வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருட்டும் நிறத்தை மாற்றும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பசை வெளிச்சமே படாமல் வருஷக்கணக்கில் இருந்தால் மஞ்சள் ஏறிவிடும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சைதானே? நல்ல வேளையாக, இந்த மஞ்சள் வெளிச்சம் பட்டால் ஓரளவு இறங்கும். கதவைக் கழற்றி, அந்தத் தகடு வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி மாடியில் சாய்த்து வைத்தோம். பச்சை மெல்ல விலகி, பெரியம்மா சொன்ன நீலம் வந்தது.

அதன் பிறகுதான் கலர் கலக்கும் கடைக்குப் போனேன். அங்கே மெஷின் ஒரு ஃபார்முலா கொடுக்கும். ஆரம்பிக்க அது போதும், முடிவை அதனிடம் விடக் கூடாது. கலந்ததை அட்டையில் தடவிப் பார்ப்பதும் போதாது. வண்டிக்குப் போடும் அதே பிரைமர் மேல், ஸ்ப்ரே கன்னால் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். ஈரத்தில் சரியாக இருந்த நீலம் காய்ந்ததும் ஒரு படி கறுத்துவிடும். வெளிச்சமும் முக்கியம். திருபுவனத்தில் பட்டு எடுத்தே பழகிய பெரியம்மா, பட்டறை டியூப்லைட்டில் தகட்டைப் பார்க்கவே மறுத்து, வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னார். உள்ளே ஒன்றாகத் தெரிந்த அசல் நீலமும் கலந்த நீலமும் வாசலில் வேறு வேறாக நின்றன. கறுப்பு ஒரு சொட்டு குறைந்து, வெள்ளை கொஞ்சம் கூடியது. அப்புறம்தான் தலையாட்டினார்.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் டூகோ அடிக்க மாட்டார்கள். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து, நிறம் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். நாங்கள் அடிப்பது ஹார்டனர் கலக்கும் டூ கே பெயிண்ட். ஈரம் அதற்கும் ஆகாது. தை பிறந்தால் ஈரம் குறையும், ஆனால் சம்பா அறுவடைத் தூசு பறக்கும். சாயங்காலம் லைட் போட்டால் வயல் பூச்சியெல்லாம் பட்டறைக்குள் வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பட்டறையைச் சுற்றி ஈரத் துணி கட்டி, காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிப்பதாகப் பெயிண்டரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பானெட்டும் கூரையும் முடிந்தன. கதவுகள் நான்கும் மாசியில்.