"ஏன் இந்த அம்மாவுக்கு முதலில்?" – களப்பணிக்குப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிப்புக்கான களப்பணியை மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் செய்தேன். நெருக்கடியில் தவிக்கும் பெண்களுக்கு அவசர உதவித்தொகை கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. இந்த வருடம் இது மாதிரி இடத்துக்குப் போகிறவர்களிடம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தலைப்பில் உள்ள கேள்வியைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். "ரொம்பப் பாவம் சார்" என்பது பதில் ஆகாது. அங்கே வருகிற எல்லோருமே கஷ்டத்தில்தான் வருகிறார்கள்.

இந்த வாரம் பணம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அங்கே முதலில் பார்ப்பது இதைத்தான். அடி தாங்காமல் பிள்ளையோடு கிளம்பி வந்தவருக்கு பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையமான சகி மையத்தில் தங்க ஏற்பாடு செய்துவிடலாம். ஆனால் மருந்து, மாற்றுத்துணி, பஸ் காசு அன்றைக்கே வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி நீதிமன்றம் பண உதவிக்கு உத்தரவிடலாம்தான், அதுவரை பிள்ளைக்குப் பசிக்காதா?

அப்புறம், வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கணவரை இழந்தவருக்கு மாதாமாதம் அரசின் விதவை ஓய்வூதியம் உண்டு. ஆனால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, உத்தரவு வருவதற்குள் வீட்டு வாடகை பாக்கி விழுந்துவிடும். சிறிய அறக்கட்டளையின் பணம் உண்மையில் பயன்படுவது இந்த இடைவெளியில்தான். விண்ணப்பத்தையும் கூடவே போட வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதமும் அவர் அதே நிலையில் நிற்பார்.

கந்துவட்டியை அடைக்கப் பணம் கேட்டால் பெரும்பாலும் தருவதில்லை. கேட்க இரக்கமில்லாதது போல இருக்கும். எனக்கு அது சரி என்றே படுகிறது. கொடுக்கும் தொகை வட்டிக்காரரிடம் போய்ச் சேரும், அசல் அப்படியே நிற்கும். அதற்குப் பதில் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் புகார் எழுத உதவுகிறார்கள், வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கிறார்கள்.

ஆவணம் கேட்பதில் கவனமாக இருங்கள். ரேஷன் கார்டு இருந்தால்தான் உதவி என்று விதி வைத்தால், கட்டிய சேலையோடு ஓடி வந்தவர்தான் முதலில் வெளியே நிற்பார்.

மறுக்கப்பட்ட ஒரு விண்ணப்பத்தையும், பெயரையும் தெருவையும் மாற்றி, காரணத்தோடு உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வைவாவில் என்னிடம் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.