பச்சை வட்டத்தை நம்பி

நெட்வொர்க் டீம்ல லோட் பேலன்சர், அதாவது வர்ற ரிக்வெஸ்ட்டை பல சர்வருக்குப் பிரிச்சு அனுப்புற பாக்ஸ், அதைப் பாத்துக்கிற ஆளா ரொம்ப வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன். பெரும்பாலும் எஃப்5 கம்பெனியோட பிக்-ஐபி, நடுவுல கொஞ்ச நாள் நெட்ஸ்கேலர்னு இன்னொரு பிராண்ட். புது ப்ராஜெக்ட் மீட்டிங்னு போனா அப்ளிகேஷன் டீம்ல இருந்து வர்ற முதல் கேள்வி எப்பவும் இதான்: "நாலு சர்வர் இருக்கு சார், லோடை சமமா பிரிச்சு குடுத்துடும்ல?"

குடுக்காதுங்க. லோடுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது, தெரிஞ்சதெல்லாம் கனெக்‌ஷன் கணக்குதான். வெளிய இருந்து வர்றவங்களுக்கு ஒரே ஒரு ஐபி, அதைத்தான் விஐபி (விர்ச்சுவல் ஐபி)ன்னு சொல்றோம், அதுக்குப் பின்னாடி பூல்னு ஒரு குரூப்ல நாலு சர்வர். ரவுண்ட் ராபின் வெச்சா வரிசையா ஒண்ணு மாத்தி ஒண்ணு, லீஸ்ட் கனெக்‌ஷன்ஸ் வெச்சா எவன் கையில கம்மியா இருக்கோ அவனுக்கு. 1997ல முதல் பிக்-ஐபி வந்து இத்தனை வருஷம் ஆகியும் நாங்க தினமும் தட்டுற முறைங்க இந்த ரெண்டுதான். ஒரு சர்வர்ல சிபியு மூச்சு முட்டிட்டு இருந்தாலும், அதுக்குன்னு தனியா ஏதாவது செட் பண்ணி வெக்கலேன்னா பாக்ஸ் கண்டுக்காது.

இதுல பெர்சிஸ்டன்ஸ் வேற. லாகின் பண்ண ஆளோட செஷன் ஒரு சர்வர் மெமரில இருக்கும், அடுத்த கிளிக் வேற சர்வருக்குப் போச்சுன்னா மறுபடி லாகின் கேக்கும், அதனால அதே ஆளை அதே சர்வருக்கே அனுப்பணும். சோர்ஸ் ஐபியை, அதாவது வர்றவரோட ஐபியை வெச்சு ஒட்ட வெச்சோம்னா மொபைல் நெட்வொர்க்ல ஒரே ஐபிக்குப் பின்னாடி ஏகப்பட்ட பேர் இருப்பாங்க, மொத்தப் பேரும் ஒரு சர்வர் தலைல வந்து விழுவாங்க, மத்த மூணும் ஈ ஓட்டிட்டு இருக்கும். அவங்க ப்ரௌசர்ல குக்கின்னு ஒரு சின்னக் குறிப்பு போட்டு ஒட்ட வெக்கிறது தேவலை. (டிஃபால்ட்டா அந்தக் குக்கிக்குள்ள சர்வரோட உள் ஐபியும் போர்ட்டும் என்கோட் ஆகி இருக்கும், யார் வேணா பிரிச்சுப் பாத்துடலாம். என்க்ரிப்ஷன் ஆன் பண்ணாம விட்டா செக்யூரிட்டி ஆடிட்ல கண்டிப்பா ஒரு வரி வரும்.)

ஆனா எனக்கு இதையெல்லாம் விடப் பெரிசு ஹெல்த் மானிட்டர்தான், சர்வர் நல்லா இருக்கான்னு பாக்ஸ் அப்பப்போ கேட்டுப் பாக்குற செக். ஒரு கஸ்டமர், பேர் வேணாம், ஃபீஸ் கட்டுற போர்ட்டல், கடைசி நாள் சாயங்காலம். கட்டுறவங்கள்ல பாதிக்கு மேல எரர்னு கத்துறாங்க. உள்ள போய்ப் பாத்தா பூல்ல நாலு சர்வருக்கும் பச்சை வட்டம், நல்லா இருக்குன்னு அர்த்தம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேஜைத் திறந்தாதான் விஷயம் புரியுது. மூணு சர்வர்ல கரண்ட் கனெக்‌ஷன் நூத்துக்கணக்குல நிக்குது, நாலாவதுல ஒண்ணு ரெண்டு, சில நேரம் பூஜ்யம், ஆனா அதோட டோட்டல் கனெக்‌ஷன் மட்டும் ரெஃப்ரெஷ் பண்ணப் பண்ண பிச்சுக்கிட்டு ஏறுது.

அந்த சர்வருக்கு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் அறுந்து போயிருந்துச்சு. வந்த ரிக்வெஸ்ட்டை எல்லாம் கண் இமைக்கிறதுக்குள்ள 500 எரர் (சர்வருக்குள்ளயே கோளாறுன்னு அர்த்தம்) குடுத்துத் திருப்பி அனுப்புது. மத்த மூணும் நிஜமா வேலை பாக்குறதால நேரம் எடுக்குது. லீஸ்ட் கனெக்‌ஷன்ஸ் பார்வைல யாரு ஃப்ரீ? உருப்படாதவன்தான் ஃப்ரீ. சோறே போடாம இலையை எடுத்து எடுத்து அடுத்த பந்தியை உக்கார வெக்கிற மாதிரி, வர்றவங்கள்ல பெரும்பங்கு அங்கயே போய்ட்டு இருந்தாங்க.

மானிட்டர் ஏன் பிடிக்கலேன்னா, முன்னாடி செட்டப் பண்ணவங்க எச்டிடிபி மானிட்டர்ல ரிசீவ் ஸ்ட்ரிங்கை, அதாவது பதில்ல என்ன வார்த்தை இருக்கணும்னு சொல்ற இடத்தை, காலியா விட்டிருந்தாங்க. காலியா இருந்தா எந்தப் பதில் வந்தாலும் பாக்ஸுக்குச் சந்தோஷம்தான், 500ஆ இருந்தாலும் பச்சைதான். 5 செகண்டுக்கு ஒரு தடவை கேக்கும், 16 செகண்ட் பதிலே இல்லேன்னாதான் டவுன். இந்த சர்வர்தான் கேட்ட உடனே பதில் சொல்லுதே.

சர்வரை டிசேபிள் பண்ணாச்சு, அப்பவும் கம்ப்ளெயின்ட் நிக்கல. டிசேபிள்னா புது ஆளுங்க போக மாட்டாங்க, ஆனா ஏற்கெனவே குக்கி ஒட்டுனவங்க அங்கயேதான் போவாங்க. அவங்களையும் சேத்துத் தடுக்கிற ஃபோர்ஸ் ஆஃப்லைன் போட்டதும்தான் அடங்குச்சு. பதட்டத்துல இந்த ரெண்டையும் மாத்திப் போடுற எஞ்சினியருங்களை நிறையப் பாத்திருக்கேன்.

அப்புறம் டெவலப்பருங்க தனியா ஒரு ஹெல்த் பேஜ் எழுதிக் குடுத்தாங்க, டேட்டாபேஸ்ல ஒரு சின்ன க்வெரி ஓட்டிப் பாத்து சரியா இருந்தாதான் ஓகேன்னு சொல்லும், அந்த வார்த்தையை ரிசீவ் ஸ்ட்ரிங்ல போட்டோம். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, டேட்டாபேஸ் ஒரு நிமிஷம் தடுமாறினா நாலு சர்வரும் ஒண்ணா சிவப்பாகிடும், டேட்டாபேஸே தேவைப்படாத பேஜ் கூட வராது. க்வெரியை எடுத்துடலாம்னு ஒரு கோஷ்டி, இருக்கட்டும்னு ஒரு கோஷ்டி. நான் இருக்கட்டும் கோஷ்டி, கூடவே ஃபால்பேக் ஹோஸ்ட் செட் பண்ணி, வர்றவங்களை வேற இடத்துல இருக்கிற ஒரு மன்னிப்பு பேஜுக்குத் திருப்பி விட்டுருக்கேன். அந்தப் பேஜ்ல என்ன எழுதணும்னு கஸ்டமர் இன்னும் அப்ரூவல் குடுக்கல.