டைம் ஆபீஸில் தொடங்கட்டும்

சேலம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து எம்பிஏ, எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி) மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கள் மில்லுக்கு வருவார்கள். ஹெச்.ஆர். (மனிதவளம்) வேலை ஏன் பிடித்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாலு பேரோட பழகப் பிடிக்கும் சார்." நல்ல குணம்தான். ஆனால் எங்கள் அறைக்கு வருகிற தொழிலாளி, பிடித்தம் ஏன் கூடியது, லீவு ஏன் குறைந்தது என்று கேட்கத்தான் வருகிறார். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் நம்புவார். அதனால் மாணவர்களை நான் முதலில் இன்டர்வியூ அறைக்குக் கூட்டிப் போவதில்லை. வருகையும் சம்பளக் கணக்கும் பார்க்கும் டைம் ஆபீஸில் உட்காரவைத்து, கையில் ஒரு பே ஸ்லிப்பைக் கொடுப்பேன்.

மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 11,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,320 ரூபாய் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). மொத்தத்தில் 0.75 சதவீதம், 120 ரூபாய் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு). கணக்கைச் சட்டென்று போட்டுவிடுவார்கள். அப்புறம் நான் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவாக மாறிக் கேட்பேன்: "ஏங்கண்ணு, மாசாமாசம் ஆயிரத்து நானூத்து நாப்பது ரூபா எங்க போகுது?"

இங்கேதான் திணறுவார்கள். வாயில் பாடப்புத்தக ஆங்கிலம்தான் வரும். கம்பெனியும் தன் பங்குக்கு 12 சதவீதம் கட்டுகிறது, அதில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது, ஈஎஸ்ஐக்குக் கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது, தகுதி இருந்தால் உடம்பு முடியாத நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். இவ்வளவையும் அந்த அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்காமல் அது வராது.

அடுத்த பாடம் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பிஎஃப் பதிவில் முன்னால், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பேங்க் பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல். பிஎஃப் பணம் கேட்டுப் போட்ட மனு திரும்பி வருவது பல நேரம் இதனால்தான். இன்னொன்று, பிஎஃப்பில் அம்மா பெயருக்குப் போட்ட வாரிசு நியமனம் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். இதெல்லாம் தொழிலாளிக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பத்திரிகை வைக்க வருகிறவரிடம் வாழ்த்துச் சொல்லும்போதே ஹெச்.ஆர். எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஏற்காட்டிலிருந்து ஒரு மாணவி வந்தார். அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். சம்பளத்தோடு கூடிய லீவுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 240 நாள் வேலை கேட்டது, 2020இல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு அதை 180 ஆகக் குறைத்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் மட்டும், "சீசனுக்கு மட்டும் பழம் பறிக்க வர்றவங்களுக்கு நூத்தி எண்பதும் எட்டாதே சார்" என்றார். ஒரு விதி யாரைத் தொடாமல் போகிறது என்று பார்க்கிற கண் இது. இந்தத் துறைக்கு வேறெதையும்விட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

பிராஜெக்ட் என்றால் எல்லோரும் 'பணியாளர் மனநிறைவு' என்ற தலைப்போடும் ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாளோடும் வருவார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளி மனக்குறையை டிக் செய்வார்? அப்படி வந்த ஒரு மாணவரிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரத்தைப் பார்க்கச் சொன்னேன். உள்ளூர் ஆட்கள் லீவில் போன அந்த நாட்களில் பீகார், ஒடிசா பையன்கள்தான் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்து மெஷினை ஓட்டியிருந்தார்கள். தீபாவளி கழிந்து, பீகாரின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு அதே பீகார் பையன்கள் கேட்ட லீவு, ஆள் பற்றாக்குறை என்று தள்ளிப்போயிருந்தது. ஆடியில் நின்றவர்களுக்குச் சட் பூஜை லீவில் முன்னுரிமை தர வேண்டும் என்று மாணவர் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் படித்துவிட்டு, எத்தனை பேர் ஊருக்குப் போவார்கள் என்று பட்டியல் கேட்டார். ஹிந்தி தெரிந்த ஃபிட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாணவர் அன்று சாயங்காலமே தொழிலாளர் ஹாஸ்டலுக்குப் போனார்.