தலையாட்டுகிறவர் எல்லாம் செய்வாரா?

கிளிநொச்சிப் பக்கம் சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பயிற்றுநராக இருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே "நீங்கள் சொன்னாக் கட்டாயம் செய்வன் சேர்" என்பவரை நான் உடனே நம்புவதில்லை. அது பெரும்பாலும் மரியாதை. வன்னிக்கு எத்தனையோ உதவித்திட்டமும் பட்டறையும் வந்து போய்விட்டன; வந்தவரிடம் ஓம் சொல்லி அனுப்பச் சனம் பழகிவிட்டது. அதைக் குறையென்றும் சொல்லமாட்டேன்.

மாங்குளத்தில் கச்சான் வறுத்து விற்கும் அக்கா ஒருவரிடம் வரவு செலவைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். "பகலில கொப்பி எழுத ஏலாது தம்பி, கடை பூட்டின பிறகெண்டா எழுதலாம்" என்று என்னோடு மறுத்துப் பேசினார். அடுத்த சந்திப்பில் கொப்பியில் விறகுச் செலவுகூட இருந்தது. இப்படி மறுப்பு வந்தால் எனக்குச் சந்தோசம்தான். அவர் அந்த வேலையைத் தன் நாளுக்குள் வைத்துப் பார்த்துவிட்டார். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்கிறவர்கள் வெறும் விருப்பத்தோடு நிற்பவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் 1999 இல் எழுதினார்.

ஒருவர் சொன்னதைச் செய்வாரா என்பதைப் பயிற்சிக் கட்டணம் கட்டுவதை வைத்து மட்டும் அளக்காதீர்கள். பெரும்போக விளைச்சல் கைகொடுக்காவிட்டால் நல்ல ஆளுக்கும் தவணை பிந்தும். போன் எடுக்காமல் ஒளிக்கிறவர் வேறு, "இந்தக் கிழமை சரிவராது, வாற கிழமை வாறன்" என்று தானே எடுத்துச் சொல்பவர் வேறு. அவருக்காக நான் காத்திருப்பேன்.