தழும்போடு வெளியே போக: சில குறிப்புகள்

ஏப்ரல் 4

தீக்காயம் ஆறி வீட்டுக்குப் போகிறவரிடமிருந்து முதலில் பிடுங்க வேண்டியது தலையணையை. கழுத்திலும் தாடைக்குக் கீழும் வெந்தவருக்கு, வீட்டில் பாசத்தோடு இரண்டு தலையணை அடுக்குவார்கள். தலை முன்னால் மடிந்தால் வலி குறையும், வாஸ்தவம். ஆனால் புதுத்தோல் எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே இறுகும். விட்டால் தாடை நெஞ்சை நோக்கி இழுபடும். துண்டைச் சுருட்டித் தோள்பட்டைகளுக்கு அடியில் வைத்து, கழுத்து நிமிர்ந்திருக்கப் படுக்கவைக்க வேண்டும். அக்குளில் காயம் என்றால் கையை உடம்போடு ஒட்டவிடாமல் பக்கவாட்டில் 90 டிகிரிக்கு விரித்து வைக்க வேண்டும்.

குனிந்தே நடக்கும் பெண்ணைப் பார்த்து, 'வெட்கப்படுது பாவம்' என்று ஊர் முடிவுகட்டும். பல நேரம் அது வெட்கமில்லை, கழுத்துச் சுருக்கம்.

ஏப்ரல் 12

"ஆறிடுச்சுன்னு அனுப்பினாங்க, மாசம் போகப் போக மோசமாகுதே?" எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். ஆற மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த காயம் தடித்த தழும்பாக மாறும் வாய்ப்பு அதிகம். முதல் சில மாதங்கள் சிவந்து, புடைத்து, அரிக்கும். பிறகு மெல்ல வெளுத்துத் தட்டையாகும். முழுதாக அடங்க ஓராண்டிலிருந்து இரண்டாண்டு ஆகும். மூன்றாம் மாத முகத்தைக் கடைசி முகம் என்று நினைத்து வேலையை விடுகிறவர்கள், கல்யாணப் பேச்சை நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் எந்தப் பெரிய முடிவும் வேண்டாம்.

ஏப்ரல் 20

தழும்பு புடைக்காமல் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் கார்மென்ட் என்கிற இறுக்க உடையைக் குளிக்கவும் கிரீம் தடவவும் தவிர மற்ற நேரமெல்லாம் போட வேண்டும். நாளுக்குச் சுமார் 23 மணி நேரம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதைச் சொல்லும்போது சொல்பவருக்கே கூசும். இரண்டு செட் இருந்தால்தான் சமாளிக்கலாம். கையால், மென்மையான சோப்பில் அலசி, முறுக்காமல், நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் தளர்ந்துபோகும். தளர்ந்த உடை வெறும் பனியன்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டிவரும். விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிட்டு அளவெடுத்தவரிடம் காட்ட வேண்டும்.

வெந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்திருப்பதால் தோல் வறண்டு வெடிக்கும். வாசனை சேர்க்காத கிரீமைத் தடவி, தழும்பு வெளுக்கும் அளவுக்கு விரலால் அழுத்தி வட்டமாக நகர்த்த வேண்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பரபரவென்று தேய்த்தால் கொப்புளம்தான் மிச்சம்.

மே 3

கண்ணாடி. வீட்டார் பதைத்துப்போய் எல்லாக் கண்ணாடியையும் கழற்றி ஒளித்துவைப்பார்கள். பார்க்கவே கூடாத முகம் என்ற செய்தியைத்தான் அது சொல்லும்.

பார்ப்பதற்கு முன் தொடுவது நல்லது. மசாஜ் செய்யும் விரலுக்கு அந்த மேடும் பள்ளமும் ஏற்கெனவே பழகியிருக்கும். முதல் தடவை, நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க, பகல் வெளிச்சத்தில், ஒரு கை நீளமாவது தள்ளி நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். முதலில் காயம் படாத இடம், பிறகு தழும்பு, பிறகு முழு முகம். இரண்டு நிமிடம் போதும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இடது கன்னத்துல சிவப்பா, காது வரைக்கும், உள்ளங்கை அகலம்." 'கோரம்', 'அசிங்கம்' என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. அழுகை வந்தால் வரட்டும், அது தணியும்வரை கண்ணாடி முன்னேயே இருக்கலாம். தாங்கவே முடியவில்லை என்றால் மட்டும் நிறுத்திவிட்டு மறுநாள்.

செல்ஃபி வேண்டாம். போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் யாருக்கும் மூக்கு புடைத்துத் தெரியும், தழும்பும் அப்படித்தான்.

மே 4

தழும்பின் அளவுக்கும் மன வேதனைக்கும் நேர்க்கணக்கு கிடையாது. புறங்கையில் காசளவு தழும்புக்காக முழுக்கை சட்டையைக் கழற்றாதவரும் உண்டு.

மே 17

பஸ்ஸில் வரும் கேள்விகள். பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்பவர் 1970-ல் கார் விபத்தில் முகம் வெந்தவர். 1992-ல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பைத் தொடங்கினார். அங்கே சொல்லித்தரும் வழியின் சாரம்: சுருக்கமாகச் சொல், பயம் தெளிவி, பேச்சை மாற்று. நம்ம ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

"என்னம்மா ஆச்சு மூஞ்சிக்கு?"
"தீக்காயம்மா. ஆறிடுச்சு, வலியில்ல. இந்த பஸ் கிளாம்பாக்கம் போகுமா?"

மூன்றாவது பகுதி, பேச்சை மாற்றுவதுதான் முக்கியம். அதை விட்டால் அடுத்த கேள்வி "ஸ்டவ் வெடிச்சுதா, இல்ல நீயே..." என்று போகும். அதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. "அதை விடுங்கம்மா" போதும். வீட்டில் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பழகினால் பஸ்ஸில் குரல் நடுங்காது. குழந்தை முறைத்துப் பார்த்தால் "சுட்டுடுச்சு, இப்ப வலிக்கல" என்றால் சரி. குழந்தையைவிட அதை இழுத்துக்கொண்டு ஓடும் அம்மாதான் அதிகம் புண்படுத்துவார்.

துப்பட்டாவால் பாதி முகத்தை மூடி, எப்போதும் ஜன்னலோரமாகத் திரும்பி உட்கார்ந்தால் அன்றைய பயணம் முடியும்; பயம் அப்படியே இருக்கும். முதலில் தெருமுனைக் கடை, பிறகு சந்தை, பிறகு கல்யாண வீடு என்று படிப்படியாக மூடாமல் போகலாம். வெயிலுக்கு மூடுவது வேறு: புதுத்தழும்பு வெயில் பட்டால் கறுக்கும், அதனால் குடையோ சன்ஸ்கிரீனோ கட்டாயம்.

ஜூன் 2

மறைக்கும் கிரீம் தப்பில்லை, விருப்பம் இருந்தால். காயம் முழுக்க மூடிய பிறகு மட்டும். முந்தின நாள் இரவு காதுக்குப் பின்னால் தடவி அரிப்பு வருகிறதா பார்க்க வேண்டும். நம் நிறத்துக்கு ஒரே ஷேடு அநேகமாகப் பொருந்தாது. இரண்டைக் கலந்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். சிவப்பை அடக்கப் பச்சை கிரீம் என்று வீடியோவில் சொல்வார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அது சாம்பல் பூசினமாதிரி நிற்கும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி மெல்லிய அடுக்காகப் போட்டு, பவுடர் தூவி, சில நிமிடம் விட்டு உபரியைத் தட்டிவிட வேண்டும். நிறம் மறையும், மேடு மறையாது. இதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

ஜூன் 9

பள்ளி திறந்தாச்சு. பிள்ளை வகுப்புக்குள் வருவதற்கு முந்தின நாளே, பெற்றோரையும் பிள்ளையையும் கேட்டுக்கொண்டு, டீச்சர் மற்ற பிள்ளைகளிடம் பேசிவிட வேண்டும்: என்ன நடந்தது, தொற்றாது, அந்த இறுக்க உடை எதற்கு. பத்து நிமிடம் போதும். இறுக்க உடையோடு பி.டி. பீரியடில் நிழலில் ஆடலாம், தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பரிதாபப்படத் தேவையில்லை. பழைய இடம், பழைய சிநேகிதன் பக்கம்.