அவன் 'வேண்டாம்' என்று குறித்த கட்டம்

மகனுக்கு 15 வயது, ஆஸ்துமா. புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்க்கலாமா என்று மருத்துவர் கேட்டதுமே மனதுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவனிடம் நான் கேட்டதுகூட, "சேர்ந்துக்கலாம்ல?" என்றுதான். தலையாட்டினான். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆய்வுச் செவிலியர் விடவில்லை. படிவம் இரண்டு: எனக்கு ஒப்புதல் படிவம், அவனுக்கு இசைவுப் படிவம். மைனர் என்பதால் என் கையெழுத்து கட்டாயம். ஆனால் விஷயம் புரியும் வயதுப் பிள்ளையின் இசைவும் வேண்டும், மறுத்தால் மதிக்க வேண்டும். மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான, 1964இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சின்கி பிரகடனத்திலேயே இது இருக்கிறது என்றார்.

"இதுல என்ன நடக்கப்போகுது, நீயே சொல்லு பார்ப்போம்" என்று அவனைக் கேட்டார்.

"எனக்கு எது சரிப்படுமோ அந்த மருந்தை டாக்டர் கொடுப்பார்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டினார். தலை என்றால் புது மருந்து, பூ என்றால் மருந்தே இல்லாத மாத்திரை. நிஜத்தில் கணினிதான் சுண்டும். யாருக்கு எது விழுந்தது என்று மருத்துவருக்கும் தெரியாது.

"அப்போ நான் ஆறு மாசம் சும்மா மாத்திரை முழுங்குவேனா?"

"இருக்கலாம். உன் இன்ஹேலர் மட்டும் எப்பவும்போல தொடரும்."

அப்புறம் என்னைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. பாதியில் விலகினால் டாக்டர் கோபப்படுவாரா, வழக்கமான சிகிச்சை நின்றுவிடுமா என்றெல்லாம் கேட்டானாம். இரவில் அவனே சொன்னான். இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். நான் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

படிவங்களை வீட்டுக்கு எடுத்து வந்தோம். என்னுடையதை எழுதியவருக்குச் சின்ன வாக்கியமே பிடிக்காது போல. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: மீதமாகும் ரத்தத்தைப் பிற்கால மரபணு ஆய்வுகளுக்காகச் சேமித்து வைக்கலாமா? கட்டாயமில்லை. நான் 'சம்மதம்' என்று குறித்திருந்தேன். அவன் 'வேண்டாம்'.

"எதுக்குப் பயன்படுத்துவாங்கன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாதாம். நான் எதுக்குச் சரின்னு சொல்றது?"

நல்ல காரியம்தானே என்று வாதாடிப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் செவிலியர் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் புதுப் படிவம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். ஆய்வில் சேர்ந்துவிட்டான். மீதி ரத்தத்தைச் சேமிப்பதில்லை.