சூட்டில் மட்டும் ஸ்ராட் எடுக்காத 100 கொரோலா

யாழ்ப்பாணத்து றோட்டுகளில் இன்னும் நிறைய 100 கொரோலாக்கள் ஓடுகின்றன. ரொயோட்டா ஏ.ஈ.100, 1990களின் முதற்பாதியில் யப்பானில் ஓடத் தொடங்கிய கார், 5ஏ-எஃப்.ஈ எஞ்சின், 1500 சிசி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறபட 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. முப்பது வயதுக் காரை வைத்திருப்பவர்கள் அதை இன்னும் பத்து வருடம் ஓட்டத்தான் யோசிக்கிறார்கள். அதனால்தான் இந்த எஞ்சின்களின் மின்சாரப் பக்கத்தை ஒழுங்காக அளந்து பார்க்கிற பழக்கம் எங்கள் கராஜுகளுக்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு அது மிக முக்கியமான விஷயம்.

கிட்டடியில் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். "தம்பி, காலமை ஒரு தட்டில ஸ்ராட் எடுக்குது. சந்தையில நிப்பாட்டி மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தா, இழுத்துக்கொண்டே நிக்குது. பெற்றோலும் கண்டபடி குடிக்குது" என்றார். முன்பு காட்டிய ஓரிடத்தில் ஒட்சிசன் சென்சரை மாற்றியிருந்தார்கள். இன்னோரிடத்தில், "கொம்பியூட்டர் பெட்டி போட்டுது, வேற எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது லேசான காசில்லை.

மாஸ்ரரின் மகன் போனில் வேலை செய்கிற சின்ன ஸ்கானர் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். அதைச் செருக இந்தக் காரில் இடமே இல்லை. பதினாறு பின் உள்ள ஓ.பி.டி-2 சொக்கற் அமெரிக்காவில் 1996 மொடல்களிலிருந்துதான் கட்டாயமானது. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த இந்தக் காருக்கு வேறு வழி இருக்கிறது. பொனற்றுக்குள்ளே 'டயக்னோசிஸ்' என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடியின் உட்பக்கத்தில் ஒவ்வொரு துளையின் பெயரும் அச்சடித்திருக்கும். ரீ.ஈ.1, ஈ.1 இரண்டையும் துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் செய்தால், டாஷ்போட்டில் உள்ள செக் எஞ்சின் லைற் மின்னத் தொடங்கும். இரண்டு மின்னல், சிறு இடைவெளி, திரும்ப இரண்டு மின்னல் என்றால் பிழைக் கோட் 22, அதாவது தண்ணீர்ச் சூட்டு சென்சரின் சுற்று. 41 என்றால் துரொட்டில் சென்சர். 21 ஒட்சிசன் சென்சர். இடைவெளியே இல்லாமல் ஒரே சீராக வேகமாக மின்னினால் பதிவில் பிழை எதுவும் இல்லை.

மாஸ்ரரின் கார் ஒரே சீராகத்தான் மின்னியது.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். கோட் இல்லையென்றால் சென்சர் எல்லாம் சரி, ஆகவே கொம்பியூட்டர் பிழை என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஈ.சி.யு, அதாவது எஞ்சினை நடத்துகிற கொம்பியூட்டர் பெட்டி, தண்ணீர்ச் சூட்டு சென்சரின் வயர் முழுதாக அறுந்தாலோ சோட் ஆனாலோதான் பிழை என்று பதியும். இடையில் வருகிற எந்த அளவையும் அது உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். எண்பது பாகை சூட்டில் கொதிக்கிற எஞ்சினை நாற்பது பாகை என்று யாராவது சொன்னால், சரி நாற்பதுதான் என்று அதற்குரிய பெற்றோலை ஊற்றும்.

என் அப்பா ஒஸ்ரின் ஏ40களிலும் மொறிஸ்களிலும் வேலை பழகியவர். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில், சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் அடித்து ஸ்ராட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அவர்களுடையது. "காத்து, எண்ணெய், நெருப்பு. எது இல்லையெண்டு முதல் கண்டுபிடி, பிறகு சாமானில கை வை" என்பார். கொம்பியூட்டர் சொல்லிப் பெற்றோல் பீச்சுகிற ஈ.எஃப்.ஐ எஞ்சினுக்கும் நான் அந்த ஒழுங்கில்தான் போகிறேன்.

காரை ஓட்டி நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, கால் மணித்தியாலம் விட்டேன். ஸ்ராட் எடுக்கவில்லை. நெருப்புப் பொறி நான்கு பிளக்கிலும் நீலமாக, பலமாக வந்தது. சூட்டில் பொறி நின்றுபோகிற கார் என்றால் டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பிக்கப் கொயில், இக்னைற்றர் பக்கம் போகவேண்டும். இது அந்தக் கதையில்லை. பிளக்கைக் கழற்றினால் நுனி கரியாகி, பெற்றோலில் நனைந்து மணத்தது. ஆக, பெற்றோல் கூடிப்போய் எஞ்சின் மூழ்குகிறது. பற்றறி, எர்த், மனிபோல்ட் அழுத்த சென்சருக்குப் போகிற ரப்பர்க் குழாய் எல்லாம் பார்த்தேன். அந்த சென்சர் சாவி ஓனில் 3.6 வோல்ற் காட்டியது. கடல் மட்டத்தில் இருக்கிற ஊருக்கு 3.3இலிருந்து 3.9 வரை சரி.

பிறகு செய்த சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. தண்ணீர்ச் சூட்டு சென்சரின் கனெக்டரைக் கழற்றி விட்டுவிட்டு, சூட்டோடு சாவியைத் திருப்பினேன். மூழ்கின பெற்றோல் வெளியேற முதல் தடவை கொஞ்சம் இழுத்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் தொட்டவுடன் பிடித்தது. செக் எஞ்சின் லைற்றும் பற்றியது, அது எதிர்பார்த்ததுதான். வயர் அறுந்தது என்று தெரிந்தவுடன் ஈ.சி.யு தானாகவே தண்ணீர் 80 பாகை என்று வைத்துக்கொண்டு வேலை செய்யும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஸ்ராட் எடுக்கும் நேரம் எவ்வளவு பெற்றோல் என்பதைப் பெரும்பாலும் தண்ணீர்ச் சூட்டை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. சென்சரைக் கழற்றினால் நன்றாக ஓடுகிற கார் என்றால், ஈ.சி.யு நல்லது, இன்ஜெக்டர் நல்லது, அதற்குப் போகிற செய்திதான் பிழை. மாஸ்ரருக்கு அதைச் சொன்னபோது, "அப்ப பெட்டி மாத்தத் தேவையில்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அந்த நிலையிலும் சென்சரை மாற்றச் சொல்லவில்லை. கழற்றி ஒம்ஸில் அளந்தேன். ஆறிய நிலையில், 27 பாகையில், இரண்டு கிலோ ஒம்முக்குச் சற்றுக் குறைவு, கொதிநீரில் பிடித்து எண்பது பாகைக்கு வரும்போது 300 ஒம். இதற்குச் சொல்லப்பட்ட அளவு 20 பாகையில் இரண்டிலிருந்து மூன்று கிலோ ஒம், 80 பாகையில் 200இலிருந்து 400 ஒம். சென்சர் நல்ல சென்சர்.

திரும்பப் பூட்டி, எஞ்சினைச் சூடாக்கி, கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கத்தால் ஊசி விட்டு சென்சரின் இரண்டு கால்களுக்கும் இடையில் பார்த்தேன்: 0.4 வோல்ற். ஈ.சி.யு முனையில் அதே இரண்டு வயருக்கும் இடையில் பார்த்தேன்: 1.35 வோல்ற். ஒரே வயர், இரண்டு முனையிலும் இரண்டு கணக்கு. சூட்டில் அங்கே ஒரு வோல்ற்றுக்குக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். மிச்சம் கிட்டத்தட்ட ஒரு வோல்ற் நடுவில் எங்கோ விழுகிறது.

வயரைத் தடவிக்கொண்டு போனால், கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ரேப் சுற்றிய தடிப்பு. எப்போதோ யாரோ உடைந்த கனெக்டரை மாற்றி, இரண்டு வயரையும் வெறுமனே முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். ரேப்பை உரித்தேன். பசை உருகி வழுவழுவென்று வந்தது. உள்ளே ஒரு வயரின் செப்பு மயிரிழைகள் பச்சைப் பொடியாகியிருந்தன. விரலால் தேய்த்தால் நாலைந்து இழை கையோடு வந்தது. எங்கள் உப்புக் காற்றுக்கு மூடாத செப்பு நிற்காது. அந்த இணைப்பைத் தனியாக அளந்தேன்: 700 ஒம் அளவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஏன் காலையில் மட்டும் நன்றாக எடுத்தது என்பதற்கும் விடை இந்த 700இல்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது சென்சரே ஏறக்குறைய 1900 ஒம். அதோடு 700 சேர்ந்தால், 27 பாகையை 20 என்று ஈ.சி.யு நினைக்கும். அந்த வித்தியாசம் எஞ்சினுக்குப் பெரிதில்லை. சூடானதும் சென்சர் 300 ஒம்முக்கு இறங்கிவிடும். அதன்மேல் அதே 700 ஏறினால் ஆயிரம், அதாவது நாற்பத்தைந்து பாகை. பழுது ஒன்றுதான். சூட்டில் மொத்த ஒம்மில் அதன் பங்கு பத்தில் ஏழு, குளிரில் கால்வாசி. டாஷ்போட்டின் சூட்டு முள் நடுவில் நின்றதும் யாரையும் ஏமாற்றும். இந்தக் காரில் முள்ளுக்கு வேறு சென்சர், ஈ.சி.யுவுக்கு வேறு சென்சர்.

இன்னொன்றையும் சொல்லவேணும். ஹெட்லைற் வயரில் இப்படி ஒரு இணைப்பு இருந்தால் லைற் மங்கும், இணைப்புச் சூடாகும், கண்டுபிடித்துவிடலாம். சென்சர் வயரில் ஓடுவது ஒன்றரை மில்லி அம்பியர் அளவு. களிம்பைப் பிளந்துகொண்டு போக அந்த ஓட்டத்துக்குப் பலம் போதாது, சூடாக்கி அடையாளம் காட்டவும் போதாது. இந்த எஞ்சின்களில் ஈ.சி.யு பழுதானது என்று என்னிடம் வருகிற கார்களில் பெரும்பாலானவை கடைசியில் இணைப்பிலோ எர்த்திலோ வந்து முடிவது அதனால்தான். ஈ.சி.யு போகாது என்றில்லை. உள்ளே கப்பாசிற்றர் கசிந்து போர்ட்டைத் தின்ற பெட்டிகளும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கடைசியில் வரவேண்டிய சந்தேகம். வோல்ற் மீற்றர் வைக்காமல் பெட்டியை மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்கிற அநியாயம், இதை நான் எங்கேயும் சொல்வேன்.

களிம்பேறிய பகுதியை நல்ல செப்பு தெரியும்வரை வெட்டி, இரண்டு வயரிலும் புதுத் துண்டு வைத்து, இணைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வராமல் தள்ளித் தள்ளிச் சோல்டர் பண்ணி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டேன். ஈ.எஃப்.ஐ பியூசைச் சற்று நேரம் கழற்றி வைத்து, சோதனையில் கனெக்டரைக் கழற்றியபோது பதிந்த 22ஐ அழித்தேன். சூட்டில் ஈ.சி.யு முனையில் இப்போது 0.45 வோல்ற். கார் தொட்டவுடன் பிடித்தது. புகை நின்றது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் நின்ற ஐடிலும் எழுநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது.

பிறகு வந்த 121 கொரோலா மாதிரி பதினாறு பின் சொக்கற் உள்ள காரை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் லேசு. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்ராட் எடுக்கமுதல் அந்தக் காரோடு பேசக்கூடிய ஸ்கானரைச் செருகி, தண்ணீர்ச் சூட்டையும் உள்ளே போகிற காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஒரு சில பாகைக்குள் ஒன்றாக இருக்கவேணும். காற்று 27 என்று காட்ட, தண்ணீர் 20 என்று காட்டினால், கோட் இல்லாவிட்டாலும் அந்த வயரைத் தடவிப் பாருங்கள்.